அப்பாவுக்கு நான் எழுதிய வயது

காரைக்கால் மேரியில், பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில், இருபத்தோரு வருஷம் குப்பை கொட்டியவள் நான். மேரி என்றால் நகராட்சி ஆபீஸ். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் அந்தப் பெயர் மட்டும் எங்கள் வாயை விட்டுப் போகவில்லை. என் மேசைக்குப் பின்னால் மூன்று பீரோ நிறையப் பழைய பதிவேடுகள். யார் எந்தத் தேதியில் எத்தனை மணிக்குப் பிறந்தார், தகப்பன் என்ன தொழில், சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார் என்று எல்லாம் பிரெஞ்சில், சாய்வெழுத்தில் இருக்கும். சுற்றுப்பட்ட ஊர்களில் வயதைப் பள்ளிக்கூட வாத்தியார் குத்துமதிப்பாகப் போடுவார், எங்கள் ஊரில் பிறந்த நேரத்துக்கே ரிக்கார்டு உண்டு என்று காரைக்கால்காரர்களுக்கு ஒரு தலைக்கனம். எனக்கும் உண்டு.

அந்தப் பதிவேட்டைத் திருத்தச் சொல்லி வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்பார். "பொண்ணு பாக்க வர்றாங்கம்மா, ஒரு ரெண்டு வயசு குறைச்சுப் போட்டா புண்ணியமாப் போவும்" என்பார்கள். "பட்டாளத்துல ஆள் எடுக்கிறாங்க, ஒரு ஆறு மாசம் கூட்டுங்க" என்பார்கள். விழிதியூரிலிருந்து ஒருவர் வாழைத்தாரோடு வந்து, தாரை என் மேசை மேலேயே வைத்துவிட்டார். தாரையும் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன். "கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்கிட்டு வாங்க, நான் திருத்துறேன். அது இல்லாம ஒரு புள்ளிகூட மாறாது" என்பேன். கறார் பிடித்தவள் என்று ஊரில் பெயர். கல்யாணம் ஆகாததால்தான் இப்படிக் கடுகடுவென்று இருக்கிறாள் என்றும் பேசுவார்கள். பேசட்டும் என்று இருந்தேன். சொல்லப் போனால் உள்ளுக்குள் அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இத்தனைக்கும் என் வீட்டிலேயே ஒரு தப்பான வயது குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. என் அப்பாவின் வயது அது.

அப்பாவுக்கு முன்னால் பாட்டிக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்திருந்தது. காரைக்காலில் பிறந்ததால் மேரியில் பதிவானது. ஒரு வயது ஆகும்போது தாய்வீட்டுக்குத் தரங்கம்பாடிக்கு எடுத்துப் போனார்கள். அங்கே காய்ச்சல் கண்டு இறந்து, அங்கேயே கல்லறையில் வைத்தார்கள். தரங்கம்பாடி அப்போது வெள்ளைக்கார இங்கிலீஷ் சர்க்கார் ஊர், காரைக்கால் பிரெஞ்சு ஊர். நடந்தே போய்விடலாம் என்றாலும் அது வேறு நாடு. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர்களுக்கு மேரிக்குப் போய்ச் சாவைப் பதிய வேண்டும் என்று தோன்றவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்ததை இந்தப் பக்கம் யார் கேட்கப் போகிறார்கள்? ஐந்து வருஷம் கழித்து, அதே தரங்கம்பாடியில் அப்பா பிறந்தார். போன பிள்ளையே திரும்பி வந்ததாக நினைத்து, அதே பெயரை வைத்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவர் பிறந்ததை மேரியில் யாரும் பதியவில்லை. ஆகவே பிரெஞ்சு சர்க்காரைப் பொறுத்தவரை பிறந்தது ஒரு பிள்ளை, உயிரோடு இருப்பதும் ஒரு பிள்ளை. கணக்கு நேராகிவிட்டது.

பதினாறு வயதில் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேரப் போனபோது மேரியில் அந்தப் பெயருக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் இருபத்திரண்டு வயது. அப்பா வாயைத் திறக்கவில்லை. அதே வயதோடு சைகோன் போனார், சண்டை பார்த்தார், ஒரு மெடலோடு திரும்பினார், பென்ஷன் வாங்கினார். வீட்டில் இதை யாரும் மறைத்ததில்லை. "சர்க்காருக்கு நான் அண்ணன், என்னைப் பெத்தவளுக்கு நான் தம்பி" என்று சாப்பிடும்போது சிரிப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தரங்கம்பாடிக் கோயிலுக்குப் போய் அடக்கப் புத்தகத்தையும் ஞானஸ்நானப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தேன். ஒன்றில் செத்த பிள்ளை, மற்றதில் அப்பா, ஒரே பெயரில், ஐந்து வருஷ இடைவெளியில். புத்தகங்களை மூடிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வந்தேன். மறுநாள் காலை வழக்கம்போல மேசையில் உட்கார்ந்து இரண்டு பேரைத் திட்டி அனுப்பினேன்.

பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் கிழவர்களுக்கு வருஷா வருஷம் ஒரு சடங்கு உண்டு. தான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அதிகாரி முன் நேரில் போய் நின்று, ஒரு தாளில் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். பிறந்த தேதி ஓர் எழுத்து பிசகினாலும் தாள் திரும்பி வரும் என்று ஊரில் பயம். யாரோ ஒருவருக்கு அப்படிப் பென்ஷன் நின்றுபோய், ஒன்றரை வருஷம் அலைந்தார் என்று கதை உண்டு. அது யார் என்று நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் பயம் நிஜம். அப்பா அந்தத் தேதியை ஜெபம் மாதிரி ஒப்பிப்பார்.

எண்பதுகளின் நடுவில், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கோவில்பத்திலிருந்த எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் மீன் வாங்கப் போனவர், பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. "கிளிஞ்சல்மேட்டு மத்தி வந்திருக்குன்னு அவசரப்பட்டு மிதிச்சிட்டேன், வாயு பிடிச்சிக்கிச்சு" என்றார். அம்மா இஞ்சி தட்டிப் போட்டாள். வாயு என்றே இரண்டு மாதம் ஓட்டினோம். பிறகு வாசல் படி ஏறவே நெஞ்சைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். ஊர் டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே மெட்ராசுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்.

மாயவரம் போய் ரயில் ஏறினோம், அப்பா, அம்மா, நான். மெட்ராசில் அந்த ஆஸ்பத்திரி முகப்பில் ஒரு பாரம் கொடுத்தார்கள். பெயர், ஊர், மதம், வயது. பேனாவை எடுத்தேன். எழுபத்து மூன்று என்று எழுதினேன். யோசித்து எழுதினேன் என்று சொன்னால் பொய். கை தானாக எழுதிவிட்டது. பதினைந்து வருஷமாகத் தாளில் உள்ளதைத் தாளில் எழுதிய கை அது. நிஜத்தில் அப்பாவுக்கு அறுபத்தேழு.

ஆஞ்சியோகிராம் எடுத்த மறுநாள் ஆபரேஷன் செய்யப் போகும் டாக்டர் எங்களை அறைக்குள் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். அவசரமில்லாமல் பேசினார். அவர் நல்ல மனுஷர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் தப்பு செய்தவர் அவர் இல்லை.

ஒரு துண்டுத் தாளில் இதயத்தைப் படம் போட்டுக் காட்டினார். "மூணு இடத்துல அடைப்பு. மருந்து போதாது, பைபாஸ்தான். அடைச்ச இடத்தைத் தாண்டி ரத்தம் போக வேற குழாய் வைக்கணும். அந்தக் குழாயை உங்க உடம்புலேர்ந்தேதான் எடுக்கணும்" என்றார்.

"எங்கேர்ந்து எடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு வழி இருக்கு. கால்ல, கணுக்கால்லேர்ந்து தொடை வரைக்கும் ஒரு குழாய் ஓடுது. அதை எடுத்துத் துண்டு போட்டு வைக்கலாம். சுலபம், சீக்கிரம் முடியும். ஆனா அது ரத்தத்தை மெதுவா மேல அனுப்பிப் பழகின குழாய். இதயத்துக்கிட்ட இருக்கிற அழுத்தம் அதுக்குப் பழக்கமில்லை. சில வருஷத்துல உள்ளே தடிச்சு அடைச்சுக்கலாம். இன்னொண்ணு நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்கு. அது தமனி. அழுத்தத்துலேயே வளர்ந்தது. அதை இறக்கி முன்பக்கத்துப் பெரிய குழாயில இணைச்சா ரொம்ப வருஷம் உழைக்குதுன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. நானே பார்க்கிறேன்."

"அப்ப அதையே வச்சிடுங்க டாக்டர்" என்றாள் அம்மா. அம்மாவுக்கு எப்போதும் கெட்டியான பாத்திரம், கெட்டியான துணிதான் வேண்டும். அன்றைக்கு அந்த அறையில் சரியாகப் பேசியது அவள் ஒருத்திதான்.

டாக்டர் சிரித்தார். "வைக்கலாம்மா. ஆனா அதை எலும்புலேர்ந்து உரிச்சு எடுக்க நேரமாகும், ரத்தம் அதிகமாப் போகும். வயசானவங்களுக்கு அந்தப் பக்கத்து எலும்பு சேர்றதும் கஷ்டம். அதனால நான் ஒரு கோடு வச்சிருக்கேன். எழுபதுக்குக் கீழன்னா நெஞ்சுக் குழாய். எழுபது தாண்டினா கால் குழாய், சீக்கிரமா உள்ளே போய் சீக்கிரமா வெளியே வந்துடணும்." பைலைப் பார்த்தார். அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "எழுபத்து மூணுன்னு போட்டிருக்கு. பார்த்தா அப்படித் தெரியலையே ஐயா. சரியான வயசுதானே?"

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறந்த தேதியை ஒப்பித்தார், அண்ணன் தேதியை. "பட்டாளத்து ரிக்கார்டு டாக்டர். பிரெஞ்சு ரிக்கார்டு. தப்பாவே இருக்காது" என்றார். அப்பா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழகாத அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். பாரம் எழுதியது நான் என்று தெரியும் அவருக்கு. நான் தலையாட்டினேன்.

"நல்ல உடம்பு. பட்டாளத்து உடம்பு. சரி, கால்லேர்ந்து எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டு அந்தத் துண்டுத் தாளில் காலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

வெளியே வந்ததும் அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன். "அவர் எவ்வளவு தெளிவாச் சொன்னாரு? நிஜ வயசைச் சொன்னா நல்ல குழாயை வப்பாருப்பா. ஏன் இப்படிப் பண்றீங்க?" அம்மா எங்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். "ஆபரேஷனுக்கு உதவி கேட்டு பென்ஷன் ஆபீசுக்கு எழுதியிருக்கோம். இந்த ஆஸ்பத்திரித் தாள் எல்லாம் அங்க போவும். ஒரு தாள்ல எழுபத்து மூணு, இன்னொண்ணுல அறுபத்தேழுன்னு போனா என்ன ஆவும்னு உனக்குத் தெரியாதா? நீதானே அந்த வேலை பாக்குற? நான் போயிட்டா உங்கம்மாவுக்கு வர்றது அதுதான். அதையும் பிடுங்கிக்கிட்டா? அண்ணன் பேர்ல பட்டாளத்துல சேந்தவன்னு இந்த வயசுல என்னை நிக்க வைப்பியா?"

டாக்டரிடம் மட்டும் தனியாகச் சொல்லலாம், தாளில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம் என்றேன். "டாக்டர் எதையும் எழுதாம விட மாட்டாரு. உன் மாதிரி ஆளு அவரு" என்றார். அதற்கு மேல் பேச விடவில்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம், வார்டுக்கு வெளியே நீண்ட நடையில் டாக்டர் தனியாக வந்தார். நான் தண்ணீர் பிடிக்கக் கூஜாவோடு போய்க்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து நின்றார். "என்னம்மா, ஏதாவது கேக்கணுமா?" என்றார். சுற்றிலும் யாரும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம். அப்பாவுக்கு அறுபத்தேழுதான் டாக்டர் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. நான் கேட்டது இது: "ஆபரேஷனுக்கு அப்புறம் மீன் சாப்பிடலாமா டாக்டர்?"

"தாராளமாச் சாப்பிடலாம். பொரிக்காம குழம்பு வச்சுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது, அப்பா தடுத்தார், அம்மாவின் பென்ஷனுக்காக வாயை மூடினேன் என்பதுதான். அது பாதி. மீதியை இப்போது எழுதிவிடுகிறேன். பதிவேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான். என் அப்பாவே செத்த அண்ணனின் பதிவில் வாழ்கிறார் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தவள். அது வெளியே வந்தால், வாழைத்தாரோடு திருப்பி அனுப்பப்பட்ட விழிதியூர்காரர் முதல் அத்தனை பேரும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று சிரிப்பார்கள். என் வேலை போய்விடும். அந்தப் பயம்தான் என் நாக்கைப் பிடித்து மீன் பக்கம் இழுத்தது. அப்பாவின் நெஞ்சை விட என் மேசை எனக்குப் பெரிதாக இருந்தது. எழுதவே கூசுகிறது.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. மூன்றாம் நாள் பார்க்க விட்டார்கள். நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தையல். அது எதிர்பார்த்ததுதான். இடது காலைப் பார்த்துத்தான் அம்மா அழுதாள். கணுக்காலில் தொடங்கித் தொடை இடுக்கு வரை, மூட்டை தைத்த மாதிரி நீளத் தையல். "நெஞ்சுல கோளாறுன்னு வந்தா காலைக் கிழிச்சு வச்சிருக்காங்க பாரு. கண்ணு தெரியாத பசங்க" என்று அப்பா முனகிச் சிரித்தார். சிரித்ததும் நெஞ்சு வலித்து, தலையணையை அணைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் திருச்சிக்காரர் ஒருவர், ஐம்பத்தெட்டு வயது, காலில் சின்னத் தையல் மட்டும். அவருக்கு முன்பக்கத்துக்கு நெஞ்சுக் குழாய் வைத்ததாக அவர் மனைவி பெருமையாகச் சொன்னாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நெஞ்சு சீக்கிரம் ஆறியது. கால்தான் படுத்தியது. முழங்காலுக்குக் கீழே தையல் பிரிந்து நீர் வடிந்தது. காரைக்காலுக்கு வந்தும் ஐந்து வாரம் தினம் கட்டு மாற்றினேன். சாயங்காலமானால் பாதம் வீங்கிச் செருப்புக்குள் போகாது. அந்த ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுக்காரரின் தேசியத் திருநாளில், போர் நினைவுத் தூணுக்கு முன்னால் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பழைய சொல்தாக்கள் எல்லாரும் மெடல் குத்திக்கொண்டு பூட்சோடு வரிசையில் நின்றார்கள். அப்பா ஒரு காலில் பூட்சும் இன்னொரு காலில் ரப்பர் செருப்புமாக நின்றார். யாரும் சிரிக்கவில்லை. நின்றவர்களில் பாதிப்பேருக்கு ஒரு கண் இல்லை, அல்லது ஒரு விரல் இல்லை.

ஆனால் வலி போய்விட்டது. அதைச் சொல்ல வேண்டும். படி ஏறினார், சைக்கிள் மிதித்தார், மீன்காரியிடம் பேரம் பேசிச் சண்டை போட்டார். ஒரு வருஷம், இரண்டு வருஷம். பென்ஷன் தாளும் வழக்கம்போலப் போய் வந்தது. ஆஸ்பத்திரித் தாளையும் யாரும் எதனோடும் ஒத்துப் பார்க்கவில்லை. எழுபத்து மூன்றில் ஒரு தப்பும் இல்லை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. இராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஆபீசில் முன்னைவிடக் கறாராக இருந்தேன்.

மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில், காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு சாய்ந்தார். ஊர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். பிழைத்தார் என்று சொன்னார்கள். ஆனால் கட்டிலிலிருந்து இறங்கி வந்தது வேறு ஆள். பத்தடி நடந்தால் நிற்பார். படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தே தூங்குவார். மழை நின்றதும் மெட்ராசுக்குக் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, வரவில்லை.

மறுபடியும் ஆஞ்சியோகிராம். அதே டாக்டர். இந்த முறை என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அப்பாவை ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனேன். டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். எனக்குக் கரிக்கோடுகள் மட்டும் தெரிந்தன. "நாம வச்ச மூணுல ரெண்டு மூடிடுச்சு. முன்பக்கத்துக்கு வச்சதுதான் முதல்ல போயிருக்கு. அது போன அன்னிக்குத்தான் அட்டாக். இதயத்துல பாதித் தசை செத்துப் போச்சும்மா. மறுபடி திறந்தா மேசையை விட்டு இறங்க மாட்டாரு. மருந்துதான்" என்றார். பிறகு, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து, "எழுபத்தாறு வயசாச்சு இல்லையா" என்றார்.

அந்த இடத்தில்தான் நான் உடைந்தேன். "எழுபதுதான் டாக்டர்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தரங்கம்பாடி, அண்ணன், ஒரே பெயர், பட்டாளம், பென்ஷன், மேரி, நான். அழுதுகொண்டு சொன்னேனா என்று நினைவில்லை. அவர் பழைய பைலை வரவழைத்துப் பிரித்தார். முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் எழுபத்து மூன்று. அதன் மேல் விரலை வைத்தார்.

"அப்ப அறுபத்தேழு" என்றார்.

"ஆமாம்."

"நான் கேட்டேனேம்மா. உங்களையும் பார்த்தேனே."

"கேட்டீங்க."

"அறுபத்தேழுன்னா முன்பக்கத்துக்கு நெஞ்சுக் குழாயைத்தான் வச்சிருப்பேன்."

"வச்சிருந்தா?"

அவர் பழைய பைலை மூடினார். "சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். அதுவும் சில பேருக்கு மூடிக்கும். கால் குழாயோட பத்து வருஷம் நடமாடுறவங்களும் இருக்காங்க. ஆனா திறந்தே இருக்க வாய்ப்பு அதுக்குத்தான் அதிகம். இன்னொண்ணும் சொல்லணும். இப்பல்லாம் எழுபது தாண்டினவங்களுக்கும் நான் அதையே வைக்க ஆரம்பிச்சிட்டேன். நல்லாத் தாங்குறாங்க. அந்தக் கோடு நான் போட்டது, அதுவும் அவ்வளவு சரியில்லை போலிருக்கு." இதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் பார்க்கவில்லை. பேனாவை எடுத்தார். புதிய பைலில் எழுபத்தாறை அடித்துவிட்டு எழுபது என்று எழுதினார். என் தப்பில் பாதியை அவர் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றியது. அதை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

கீழே வந்தேன். அப்பா பெஞ்சின் விளிம்பில், இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"என்ன சொன்னாரு?"

"ஆபரேஷன் வேணாமாம்பா. மாத்திரையிலேயே சரியாயிடுமாம்."

"பொய் சொல்லாத. மூஞ்சிய பாரு" என்றார். அவரிடம் மறைக்க முடியவில்லை. குழாய் மூடியதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உண்மையான வயதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்றேன். ஏன் சொன்னேன் என்றால், அவர் என்னை மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அவ்வளவுதான். நாற்பது வயதுக்காரி, பிள்ளை மாதிரி அதற்காக நின்றேன்.

அப்பாவின் முகம் மாறியது. "எழுதிட்டாரா?"

"என்னது?"

"அந்த வயசை. பைல்ல எழுதிட்டாரா?"

"எழுதிட்டாரு."

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. என் புடவையைப் பிடித்துக்கொண்டார். "அறிவு இருக்கா உனக்கு? மூணு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா எனக்காவது பிரயோசனம். இப்ப யாருக்குச் சொன்ன? நான் போனதும் இந்தத் தாள்தானே உங்கம்மாவோட தாளோட சேந்து போவப் போவுது? போ. போயி மாத்தச் சொல்லு." மூச்சு இழுத்தது. டீக்கடைக்காரர் ஓடிவந்து முதுகைத் தடவினார். "போடி" என்றார் அப்பா. என்னை அவர் டி போட்டுக் கூப்பிட்டது என் நினைவில் அந்த ஒரு தடவைதான்.

மாடி ஏறினேன். டாக்டர் வேறு ஒரு குடும்பத்துக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தார். கதவருகே நின்றேன். பார்த்ததும் அவர்களைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

"டாக்டர், அந்த வயசைப் பழையபடி மாத்தி எழுதணும்" என்றேன். பதினெட்டு வருஷமாக என் மேசைக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் எந்தக் குரலில் கேட்டார்களோ, அதே குரல் எனக்கு வந்தது. "அம்மாவோட பென்ஷனுக்கு. தயவு பண்ணுங்க."

கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்கிக்கொண்டு வா என்று அவர் சொல்லவில்லை. பைலை எடுத்தார். எழுபதை அடித்து, எழுபத்தாறு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே எதை எழுதினாலும் ஒண்ணுதாம்மா" என்றார்.

நான் கீழே இறங்கிப் போனேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்திட்டாரு" என்றேன். "நல்ல மனுஷன்" என்று சொல்லி, தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆட்டோ நிற்கும் இடம் வரை முப்பது அடி இருக்கும், மூன்று தடவை நின்று நின்று போனோம். அதன் பிறகு பதினோரு வாரம் இருந்தார். சாவை மேரியில் பதிந்ததும், வயது எழுபத்தாறு என்று எழுதியதும் நான்தான். அம்மாவுக்குப் பென்ஷன் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.